செயற்கை முட்டிச்சில்லு டிசைனை எப்படி மேம்படுத்துறது: மில்லிமீட்டர் கணக்குல இருந்து ஆரம்பிங்க

முட்டி மாற்று இம்ப்ளான்ட் டிசைன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் தொடை எலும்புல மாட்டுற மெட்டல் பாகத்தையும் கீழ கால் எலும்புல உக்கார்ற ட்ரேயையும் தான் பேசுறாங்க, முட்டிச்சில்லுக்குப் பின்பக்கம் ஒட்டுற அந்த சின்ன பிளாஸ்டிக் பட்டனை கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடுறாங்க. ஆனா ஆபரேஷன் முடிஞ்சவங்க திரும்பி வந்து சொல்ற குறைகளைக் கேட்டுப் பாருங்க. படி ஏறினா முன்பக்கம் வலிக்குது, சேர்ல இருந்து எந்திரிக்கிறப்ப டக்குன்னு ஏதோ மாட்டி விடுது, முழுசா மடக்க வரல. இதுல நிறைய விஷயம் இந்த பட்டனும், தொடை மெட்டல் பாகத்துல அது ஓடுற பள்ளமும் சம்பந்தப்பட்டது தான். இம்ப்ளான்ட் டிசைன்ல வேலை பாக்குறவங்களுக்கும் பயோமெடிக்கல், மெக்கானிக்கல் படிச்சிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிறவங்களுக்கும் எந்த வரிசைல யோசிக்கணும்னு எழுதுறேன்.

முதல்ல லோடைப் புரிஞ்சுக்கோங்க

முட்டிச்சில்லு, அதான் பட்டெல்லா, தொடைத் தசையோட தசைநாருக்குள்ள உக்காந்திருக்கிற எலும்பு. அதோட முக்கியமான வேலை அந்தத் தசைநாரை மூட்டோட சுழற்சி மையத்துல இருந்து முன்னாடி தள்ளி வைக்கிறது, அப்பத்தான் தசைக்கு நெம்புகோல் நீளம் கிடைக்கும், கம்மி பலத்துல காலை நீட்ட முடியும். இதுக்கு பட்டெல்லா கொடுக்கிற விலை என்னன்னா, முட்டி மடங்க மடங்க அது தொடை எலும்பு மேல போய் அழுந்தும். சமதளத்துல நடக்கிறப்ப இந்த அழுத்தம் தோராயமா உடம்பு எடைல பாதி தான், படி ஏறி இறங்குறப்ப மூணு மடங்குக்கு மேல, நல்லா குத்த வச்சு உக்கார்றப்ப ஏழு எட்டு மடங்கு வரைக்கும் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். 70 கிலோ ஆள் படி ஏறுறார், 3.3 மடங்குன்னா 231 கிலோ, நியூட்டன்ல சுமார் 2,270. பட்டனும் மெட்டலும் தொட்டுக்கிற பரப்பு 100 சதுர மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா சராசரி அழுத்தம் 22 மெகாபாஸ்கலுக்கு மேல வந்துடுது. இந்த பட்டனை எல்லாம் அல்ட்ரா ஹை மாலிகுலர் வெயிட் பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக்ல (சுருக்கமா பாலி) தான் செய்றாங்க, அதோட யீல்ட் பலமே, அதாவது நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கிற அழுத்தமே, 20 மெகாபாஸ்கல் சுத்தி தான். அதாவது படி ஏறுறதுக்கே மெட்டீரியல் தன் எல்லையைத் தொட்டுடுது, குத்த வைக்கிறதைப் பத்தி இன்னும் பேசவே இல்ல. அதனால தான் எடுத்துப் பாத்த பழைய பட்டன்கள்ல மேல்பரப்பு நசுங்கி ஓரம் வழிஞ்சு போய் இருக்கும், அதை வெறும் தேய்மானம்னு நினைச்சுடக் கூடாது, பெரும்பங்கு உருமாற்றம்.

இன்னொன்னு, தொடுற இடம் ஒரே இடத்துல நிக்காது. கால் நீட்டி இருக்கிறப்ப பட்டெல்லா பள்ளத்துக்கு மேல மிதக்குது, 20 - 30 டிகிரி மடக்கினதும் பள்ளத்துக்குள்ள இறங்குது, அப்ப அதோட கீழ்ப்பகுதி தொடும், மடக்க மடக்க தொடுற இடம் மேல நகரும், 90 டிகிரி தாண்டினா தசைநாரே தொடை எலும்புல பட்டு கொஞ்சம் லோடை வாங்கிக்கும். அதனால ஒரே ஒரு கோணத்துல அனாலிசிஸ் ஓட்டிட்டு டிசைன் ஓகேன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, குறைஞ்சது 15, 30, 45, 60, 90, 120னு ஒவ்வொன்னா பாக்கணும்.

மில்லிமீட்டர் பட்ஜெட்

என்னைக் கேட்டா இந்த டிசைனோட உயிரே இங்க தான் இருக்கு. இயற்கையான பட்டெல்லாவோட தடிமன் ஆண்களுக்கு சராசரியா 25 மில்லிமீட்டர் கிட்ட, பெண்களுக்கு 22 கிட்ட, சின்ன உடல்வாகு உள்ளவங்களுக்கு அதை விட கம்மி, தேஞ்சு போன முட்டியில இன்னும் கம்மி. இந்த மொத்தத்துக்குள்ள தான் மிச்சம் விடுற எலும்பு, பட்டனை எலும்புல பிடிக்க வைக்கிற சிமென்ட், பாலி பட்டன் மூணும் அடங்கணும். எலும்பை 12 மில்லிமீட்டருக்குக் கீழ வெட்டிட்டா உடையுற ஆபத்து கூடுது, 14 - 15 இருந்தா நிம்மதி. வழக்கமான பட்டன் நடுவுல 8 - 10 மில்லிமீட்டர் இருக்கும்.

இப்ப 19 மில்லிமீட்டர் பட்டெல்லா ஒன்னு வருதுன்னு வைங்க. எலும்பு 12 விட்டாச்சு, பட்டன் 8, சிமென்ட் அரை ஒன்னு, மொத்தம் 21 பக்கத்துல வந்துடுச்சு, இருந்ததை விட 2 மில்லிமீட்டர் தடிமன் கூடிடுச்சு. இதைத் தான் ஓவர்ஸ்டஃபிங்னு சொல்றாங்க. 2006ல வந்த ஒரு ஆய்வுல ஆபரேஷன் டேபிள்லயே அளந்து பாத்தாங்க, ஒவ்வொரு 2 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனுக்கும் சராசரியா 3 டிகிரி மடக்கு குறைஞ்சது. டிகிரி கணக்கு சின்னதா தெரிஞ்சாலும் அதோட சேந்து பள்ளத்துல அழுத்தமும் கூடும், பக்கத்துல இருக்கிற தசைநார் பட்டைகளும் இழுபடும். ரொம்ப மெல்லிசா விட்டாலும் தப்பு தான், நெம்புகோல் நீளம் போயிடும்.

சரி பட்டனை மெல்லிசாக்கிடலாமேன்னு தோணும். ஆக்கலாம், ஆனா எங்க மெல்லிசாகுதுன்னு பாருங்க. 32 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் ஆரம் உள்ள கோள வடிவ டோம் ஒன்னு வரைஞ்சீங்கன்னா நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் 5.8 மில்லிமீட்டர். நடு 8னா ஓரம் வெறும் 2.2 தான் மிஞ்சும். பட்டெல்லா கொஞ்சம் சாஞ்சு ஓடினா லோடு போய் விழுறது அந்த 2.2ல தான். ஆரத்தை 30 ஆக்கினா வித்தியாசம் 4.6 ஆயிடும், ஓரம் 3.4 கிடைக்கும், அதே 8 மில்லிமீட்டர் நடுத் தடிமன்ல. ஆனா ஆரத்தை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, பள்ளத்தோட ஆரத்தை விட டோமோட ஆரம் கொஞ்சமாவது சின்னதா இருக்கணும், இல்லன்னா பட்டன் பள்ளத்தோட அடில உக்காராம ரெண்டு பக்க கரைலயும் தொங்கிக்கிட்டு ஓடும், அது தான் இருக்கிறதுலயே மோசமான தொடுகை.

இங்க ஈஸியா கிடைக்கிற ஒரு முன்னேற்றம் இருக்கு. பல சிஸ்டத்துல விட்டம் பெருசானா தடிமனும் கூடவே பெருசாகுது. அகலமா ஆனா மெல்லிசா உள்ள பட்டெல்லாவுக்கு டாக்டர் ஒன்னு சின்ன பட்டனைப் போட்டு எலும்பை மூடாம விடணும், இல்ல பெரிய பட்டனைப் போட்டு ஓவர்ஸ்டஃப் பண்ணணும். விட்டத்தையும் தடிமனையும் தனித்தனியா பிரிச்சு, ஒவ்வொரு விட்டத்துக்கும் ரெண்டு தடிமன் கொடுத்தாலே நிறைய பேருக்குப் பிரச்சனை தீரும். ஸ்டாக் வைக்கிற செலவு கூடும்னு மார்க்கெட்டிங் பக்கம் எதிர்ப்பாங்க, இதுக்காக நீங்க சண்டை போடணும்.

வடிவம்: மன்னிக்கிற டிசைன் வேணும்

1974ல நியூயார்க்ல ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரில இன்சால், ரனவத், வாக்கர் இவங்க கொண்டு வந்த டோட்டல் காண்டைலர் முட்டில டோம் வடிவ பட்டன் வந்துச்சு, அந்த யோசனை இன்னைக்கு வரைக்கும் ஓடுது. காரணம் எளிமை: கோளத்தை எப்படித் திருப்பினாலும் கோளம் தான். இன்னொரு பக்கம் அனாட்டமிக் டிசைன், இயற்கையான பட்டெல்லா மாதிரியே ரெண்டு சரிவும் நடுவுல ஒரு மேடும் வச்சு பள்ளத்தோட நல்லா பொருந்துற மாதிரி. தொடு பரப்பு கூடும், அழுத்தம் குறையும், பேப்பர்ல பிரமாதமா இருக்கும். ஆனா கொஞ்சம் சுழட்டி ஒட்டிட்டா, கொஞ்சம் சாய்வா எலும்பை வெட்டிட்டா, அந்தப் பொருத்தமே எதிரி ஆயிடும், ஓரத்துல போய் குத்தும்.

யதார்த்தம் என்னன்னா பட்டெல்லா வெட்டுறதுக்கு தொடை எலும்புக்கு இருக்கிற அளவுக்கு நம்பகமான ஜிக், அதாவது வெட்டுக்கு வழிகாட்டுற கருவி, கிடையாது, கண்ணாலயும் விரலாலயும் தடவிப் பாத்து வெட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அனுபவசாலிங்க கூட. அதனால என் கட்சி எப்பவும் மன்னிக்கிற வடிவத்துக்குத் தான். எஃப்இஏ, அதாவது கம்ப்யூட்டர்ல அழுத்தம் கணக்கு போடுற அனாலிசிஸ், ஓட்டுறப்ப சரியா ஒட்டின ஒரு மாடலோட நிறுத்தாதீங்க. சாய்வு கூட்டிக் குறைச்சு 5 டிகிரி, பக்கவாட்டுல 3 மில்லிமீட்டர் இப்படி அப்படி, தொடைப் பாகத்தோட சுழற்சி 3 டிகிரி இப்படி அப்படி, இதையெல்லாம் கலந்து நூத்துக்கணக்குல ஓட்டுங்க. ரெண்டு வடிவத்தை ஒப்பிடுறப்ப சரியா ஒட்டின நிலைல எது நல்லா இருக்குன்னு பாக்காம, இருக்கிறதுலயே மோசமா ஒட்டின நிலைல எது தாங்குதுன்னு பாருங்க. பெரும்பாலும் மைய டோமை மட்டும் கோளமா வச்சு ஓரத்தை லேசா உள்குழிவா வளைச்ச மாத்தியமைச்ச டோம் ஒரு நல்ல நடுவழியா வரும்.

இயற்கையான பட்டெல்லாவோட மேடு நடுவுல இல்ல, உள்பக்கமா தள்ளி இருக்கு. வட்ட பட்டனை உள்பக்கமா நகர்த்தி ஒட்டினா ட்ராக்கிங், அதாவது பட்டெல்லா பள்ளத்துக்குள்ள ஓடுற விதம், நல்லா வருது, அதை டாக்டர்கள் வழக்கமாவே செய்றாங்க, ஆனா வெளிப்பக்கம் வெட்டின எலும்பு மூடாம நிக்கும், அது மெட்டல்ல உரசினா வலி. அதனால உச்சி உள்பக்கம் தள்ளின நீள்வட்ட பட்டன் நல்ல தீர்வு, எலும்பும் மூடும் மேடும் சரியான இடத்துல வரும். இதுக்கு வலது இடதுன்னு தனித்தனி பாகம் செய்ய வேண்டியதில்ல, உள்பக்கம் எதுன்னு தெளிவா ஒரு குறி போட்டு, பெக், அதாவது எலும்புக்குள்ள இறங்குற முளை, அதோட அமைப்பு மேல் கீழ் சமச்சீரா இருந்தா ஒரே பாகத்தைத் திருப்பி ரெண்டு காலுக்கும் போடலாம்.

பெக், சிமென்ட், மெட்டல்

பழைய டிசைன்ல நடுவுல ஒரு பெரிய பெக் இருக்கும். பட்டெல்லாவுக்கு ரத்தம் அதைச் சுத்தி இருக்கிற ரத்தக்குழாய் வளையத்துல இருந்து முன்பக்கம் வழியாவும் கீழ்முனை வழியாவும் உள்ள போகுது, நடுவுல ஆழமா பெருசா தோண்டினா எலும்பும் பலவீனம் ஆகும் ரத்த ஓட்டமும் கெடும், விரிசல் விடும். அதனால தான் இன்னைக்கு பரவலா மூணு சின்ன பெக். உங்க டிசைன்ல பெக் நீளம் முடிவு பண்றப்ப 12 மில்லிமீட்டர் எலும்பை மனசுல வைங்க, 5 மில்லிமீட்டர் பெக்னா முன்பக்கம் 7 தான் மிச்சம்.

பாலியும் சிமென்ட்டும் வேதியியல் ரீதியா ஒட்டாது, வெறும் பிடிமானம் தான். அதனால பெக்ல உள்வாங்கின காடி, பட்டனோட பின்பக்கம் பள்ளங்கள் கட்டாயம் வேணும். பக்கவாட்டு விசை வந்தா முதல்ல அறுந்து போறது பெக்கோட கழுத்து, அங்க கூர்மையான மூலை விட்டுடாம நல்ல ஃபில்லெட் (மூலையை வளைச்சு மழுக்கிறது) கொடுங்க. குறிப்பா ஹைலி க்ராஸ்லிங்க்டு பாலி (மூலக்கூறு சங்கிலிகளை ஒன்னோட ஒன்னு பிணைச்சது) யூஸ் பண்றவங்க இதுல கவனமா இருக்கணும், அது தேய்மானத்தை நல்லா குறைக்கும், ஆனா விரிசலைத் தாங்குற குணமும் சேந்து குறையும், வழக்கமான பாலில தப்பிச்ச மூலை இதுல தப்பிக்காது. விட்டமின் ஈ கலந்த பாலி ஆக்சிடேஷனைத் தடுக்கிறதுக்கு நல்ல வழி. காத்துல வச்சே காமா கதிர் அடிச்சு ஸ்டெரிலைஸ் பண்ண காலத்து பாலி ஷெல்ஃபுலயே ஆக்சிடைஸ் ஆகி நொறுங்க ஆரம்பிச்ச கதையை இந்தத் துறையில எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

மெட்டல் பேக்டு பட்டன், அதாவது பாலிக்குப் பின்னாடி மெட்டல் தகடு வச்சது, 1980கள்ல பெரிய நம்பிக்கையோட வந்துச்சு. சிமென்ட் வேணாம், எலும்பு மெட்டலுக்குள்ள வளரும், மெட்டல் லோடைப் பரப்பிக் கொடுக்கும்னு. நடந்தது என்ன? மெட்டல் தகடு பட்ஜெட்ல ஒரு பங்கை எடுத்துக்கிச்சு, அதனால பாலி மெல்லிசாச்சு, ஓரத்துல ரொம்பவே மெல்லிசாச்சு, அது தேஞ்சு மெட்டலும் மெட்டலும் உரசி முட்டிக்குள்ள கருப்புத் துகள் படிஞ்சது, சிலதுல பாலி தகட்டுல இருந்தே கழண்டுச்சு, சிலதுல பெக்கும் தகடும் சேர்ற இடம் முறிஞ்சுது. அந்த தசாப்தம் முடியுறதுக்குள்ள பல டிசைனை கைவிட்டாங்க. அதே சமயம் பியூக்கல், பாப்பாஸ் ரெண்டு பேரும் செஞ்ச எல்சிஎஸ் முட்டியோட சுழலும் பட்டெல்லா மெட்டல் இருந்தும் நல்லா ஓடுச்சு, ஏன்னா அதுல பொருத்தம் அதிகம், பட்டன் தானா சுழன்று சரி பண்ணிக்கும். இப்ப 3டி பிரிண்ட் பண்ண துளையுள்ள டைட்டானியம் வச்சு மெட்டல் பேக்டு திரும்ப வருது. மெட்டீரியல் நிஜமாவே முன்னேறியிருக்கு, ஆனா மில்லிமீட்டர் பட்ஜெட் அப்படியே தான் இருக்கு. நீங்க இதைச் செய்றீங்கன்னா முதல் கேள்வி ஓரத்துல பாலி எவ்வளவு மிஞ்சுது, ரெண்டாவது கேள்வி பாலியும் மெட்டலும் எப்படிப் பூட்டிக்குது. இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம எலும்பு வளர்ச்சி படங்களைக் காட்டி பயனில்ல.

பள்ளத்தைத் தொடாம பட்டனை மட்டும் திருத்த முடியாது

பட்டன் பிரச்சனைன்னு வர்றதுல பாதிக்கு மேல பள்ளத்தோட பிரச்சனையா இருக்கும்னு எடுத்துக்கிட்டே வேலையை ஆரம்பிங்க, அது தான் பாதுகாப்பு. தொடைப் பாகத்தோட முன் விளிம்பு ரொம்ப தடிமனா இருந்தா நீங்க பட்டன்ல மிச்சம் பிடிச்ச மில்லிமீட்டர் அங்க செலவாயிடும். பள்ளம் ஆழமா, வெளிப்பக்கக் கரை கொஞ்சம் உசரமா, மேல இருந்து கீழ வர்றப்ப வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கமா சாஞ்சு வர்ற மாதிரி இருந்தா பட்டெல்லா இயல்பா உள்ள இறங்கும்.

போஸ்டீரியர் ஸ்டெபிலைஸ்டு டிசைன்ல, அதாவது பின் குறுக்குத் தசைநாருக்குப் பதிலா தொடைப் பாகத்துல ஒரு நடுப் பெட்டியும் கீழ்ப் பாகத்துல ஒரு முளையும் வேலை செய்ற டிசைன்ல, இன்னொரு தொல்லை, பட்டெல்லாக்கு மேல தசைநார்ல ஒரு நார்க்கட்டி வளரும், மடக்கி இருக்கிறப்ப அது நடுப் பெட்டிக்குள்ள போய் உக்காரும், நீட்டுறப்ப 30 - 45 டிகிரி கிட்ட டக்குன்னு வெளிய வரும். பெட்டியோட முன் விளிம்பைக் கீழ இறக்கி, பள்ளத்தை நீளமாக்கி, விளிம்பை மழுக்கினதும் புது டிசைன்கள்ல இது நல்லா குறைஞ்சிருக்கு.

எவ்வளவு நல்ல டிசைனும் தாங்காத ஒன்னு சுழற்சித் தப்பு. 1998ல பெர்கர் குழு சிடி ஸ்கேன் வச்சு காட்டினாங்க, தொடைப் பாகமும் கீழ்ப் பாகமும் சேந்து உள்பக்கமா 1 - 4 டிகிரி திரும்பியிருந்தா பட்டெல்லா சாயுது, 3 - 8ல விலகுது, 7 - 17ல முழுசா நழுவுது இல்ல பட்டனே தோத்துப் போகுது. உங்க சிமுலேஷன்ல எவ்வளவு சுழற்சி வரைக்கும் தாங்கணும்னு வைக்க இது நல்ல அளவுகோல். சில நாடுகள்ல பட்டெல்லாவுக்கு பட்டனே போடாம விடுறது தான் வழக்கம், நார்வே, ஸ்வீடன்ல பெரும்பாலும் அப்படித்தான், அமெரிக்கால பெரும்பாலும் போட்டுடுறாங்க. அதனால பள்ளம் இயற்கை எலும்போடயும் சிநேகமா இருக்கணும்.

டெஸ்ட் பண்றது

ஏஎஸ்டிஎம்ங்கிற தர அமைப்போட எஃப்1672 பட்டெல்லா பட்டனுக்கான ஸ்பெசிஃபிகேஷன், எஃப்2083 முழு முட்டிக்கானது, எஃப்648 பாலிக்கானது, ரிஸ்க் ஃபைலுக்கு ஐஎஸ்ஓ 14971. இதெல்லாம் அடிப்படை, இதைத் தாண்டாம மார்க்கெட் போக முடியாது, ஆனா இதைத் தாண்டினா மட்டும் டிசைன் நல்லதுன்னு ஆகிடாது. நடை சைக்கிள்ல தேய்மானம் பாக்குறது முட்டியோட மத்த பாகத்துக்கு அர்த்தமுள்ள டெஸ்ட், பட்டெல்லாவுக்கு நடை ரொம்ப மென்மையான வேலை, மேல சொன்னேனே பாதி எடை தான்னு. படி, சேர்ல இருந்து எந்திரிக்கிறது, ஆழ மடக்கு இதையெல்லாம் போட்டு ஓட்டுங்க, கன்றுச் சீரம்ல, 37 டிகிரி செல்சியஸ்ல. ரூம் டெம்பரேச்சர்ல பாலி கொஞ்சம் கெட்டியா இருக்கும், ரிசல்ட் உங்களுக்குச் சாதகமா பொய் சொல்லும். எடை குறைவை வச்சு தேய்மானம் கணக்கு போடுறப்ப லோடு இல்லாம வெறுமனே ஊறப் போட்ட ஒரு பட்டனையும் கூட வைங்க, பாலி திரவத்தை உறிஞ்சி எடை ஏறும். வடிவம் மாறினதை எடைல பிடிக்க முடியாது, மேல்பரப்பை ஸ்கேன் பண்ணித் தான் பாக்கணும்.

ப்ரெஷர் ஃபிலிம் (அழுத்தம் பட்டா நிறம் மாறுற தாள்) வச்சு தொடு பரப்பு எடுக்கிறப்ப வேணும்னே 5 டிகிரி சாய்ச்சு ஒட்டின சாம்பிளும் எடுங்க. பக்கவாட்டுத் தள்ளல்ல எவ்வளவு விசைக்கு பட்டன் பள்ளத்தை விட்டு ஏறுது, எவ்வளவு விசைக்கு பெக் அறுது, ரெண்டையும் ஒரே கிராஃப்ல போடுங்க, பெக் அறுறதுக்கு ரொம்ப முன்னாடியே பட்டன் ஏறி விலகணும். அப்புறம் 12 மில்லிமீட்டர் எலும்பு மாடல்ல, வயசானவங்க எலும்பு மாதிரி மென்மையா, அதே டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுங்க. நிஜத்துல தோக்குறது அங்க தான்.

டாக்டர் கையில போற கருவிகள்

கருவியும் டிசைன்ல சேத்தி. வெட்டுறதுக்கு முன்னாடி காலிப்பர்ல அளக்கிறது, வெட்டினப்புறம் நாலு மூலைலயும் அளந்து சமமா இருக்கான்னு பாக்குறது, பட்டன் வச்சப்புறம் மொத்தம் அளக்கிறது, இந்த மூணும் தடையில்லாம நடக்கிற மாதிரி கிளாம்ப் செய்ங்க. 12 மில்லிமீட்டருக்குக் கீழ வெட்ட விடாத ஒரு ஸ்டாப்பர் கிளாம்ப்லயே இருந்தா அது மேனுவல்ல அச்சடிக்கிற எச்சரிக்கையை விட நூறு மடங்கு மேல். ஒட்டுறதுக்கு முன்னாடி வச்சுப் பாக்குற ட்ரயல் பட்டனோட தடிமன் நிஜ பட்டன் கூட சிமென்ட்டையும் சேத்து கணக்கு வரணும், இல்லன்னா ட்ரயல்ல நல்லா மடங்கின முட்டி கடைசில மடங்காது.

கழட்டுறதையும் இப்பவே யோசிங்க. முழு பாலி பட்டனை ரீவிஷன்ல, அதாவது மறு ஆபரேஷன்ல, ரம்பத்தால சிமென்ட் மட்டத்துல அறுத்து, பெக்கை மட்டும் துளைச்சு எடுத்துடலாம், எலும்பு பெருசா போகாது. எலும்பு வளர்ந்து பிடிச்ச மெட்டல் பேக்கிங்கை எடுக்கிறது வேற வேலை, டைமண்ட் டிஸ்க் வரைக்கும் போகணும், ஏற்கனவே 12 மில்லிமீட்டர் எலும்புல அதைச் செய்யணும். அதனால மெட்டல் பெக்கும் தகடும் சேர்ற இடத்துல ரம்பம் உள்ள போக ஒரு வழி விட்டு, பெக்ல துளையுள்ள கோட்டிங் எவ்வளவு நீளத்துக்குன்னு ரீவிஷன் செய்ற டாக்டர்களோட உக்காந்து முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் டிராயிங்கை ஃப்ரீஸ் பண்ணுங்க.